கீரி கடித்த கோழியும் இல்லறத்தார் கருணையும்

கொல்லாமை நம் சமயத்தின் உயிர்நிலை என்பதைத் தமிழ் ஜைனர் இல்லத்துக் குழந்தைக்குத் தனியே கற்பிக்க வேண்டுவதில்லை. இரவுண்ணாமையும், நீரை வடிகட்டிப் பருகுதலும், கிழங்கு விலக்கலும் தாயின் மடியிலேயே நமக்குப் பழகிவிடுகின்றன. எனினும், 'கொல்லாதே' என்னும் அறத்தை நாம் பெரும்பாலும் விலகி நிற்பதனாலேயே நிறைவேற்றுகிறோம். ஊன் உண்பதினின்று விலகுகிறோம். கொலைத் தொழிலினின்று விலகுகிறோம். விலகி நிற்க இயலாத வேளைகளும் உண்டு. ஓர் உயிரை மற்றோர் உயிர் பற்றிக் குதறிவிட, அது குருதி வடிய நம் வாயிற்படிக்கு வந்து சேருமானால், அப்பொழுது சிராவகர் கடமை யாது? பற்றிய உயிரும் பசித்த ஜீவனே அன்றோ?

இவ்வினா ஏட்டளவில் எழுந்ததன்று. நாம் ஆசிரியப் பணியின் பொருட்டுப் பல்லாண்டு வாழ்ந்த உடன்குடி, பனைக்கும் கருப்பட்டிக்கும் பெயர்பெற்ற ஊர். ஒருபுறம் குலசேகரன்பட்டினத்துக் கடல். மறுபுறம் குதிரைமொழித் தேரியின் செம்மணல். பனங்காட்டு வேலிகளிலும் உடைமரப் புதர்களிலும் கீரியும் மரநாயும் குடியிருக்கும். வல்லூறு வானில் வட்டமிடும். வீட்டுக்கு வீடு நாட்டுக்கோழி வளர்ப்பதும் அவ்வூர் வழக்கம். ஒருநாள் அந்தியில் அண்டை வீட்டு அம்மையார் ஒரு சேவலைக் கூடையில் ஏந்தி வந்தார். அதன் கழுத்தின் பின்புறம் கீரியின் பற்கள் ஆழப் பதிந்திருந்தன. ஒரு சிறகு தொங்கியது. "டீச்சரம்மா, நீங்க உயிரைக் கொல்லாத ஆளுக. இது பிழைக்குமான்னு பாருங்க" என்றார். பிறகு சற்றே தயங்கி, "இது மாடன் கொடைக்கு நேர்ந்துவிட்ட சேவலாக்கும்" என்றார்.

கீரியின் வாயினின்று தப்பியதைக் கொடையின் அரிவாளுக்காகப் பேண வேண்டுமா என்னும் வினாவும் அக்கூடையிலேயே இருந்தது. அன்றிரவு நம் இல்லத்தார் ஒவ்வொருவரும் ஓர் ஐயம் எழுப்பினர். அவ்வையங்களை ஒவ்வொன்றாக ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் செய்ய வேண்டுவது

ஆராய்ச்சி பொறுக்கும், குருதி பொறுக்காது. ஆதலின் முதலில் சிகிச்சையைச் சொல்வோம்.

அடிபட்ட பறவைக்குப் புண்ணைப் போலவே அச்சமும் கொடிய பகை. காற்றோட்டமுள்ள ஒரு பெட்டியில் வைக்கோலோ பழந்துணியோ பரப்பி, இருளும் வெதுவெதுப்பும் அமைதியும் உள்ள இடத்தில் அதனை வைத்தல் வேண்டும். மற்றக் கோழிகளோடு விடலாகாது. குருதியைக் கண்டால் அவை கொத்தும் இயல்புடையன. பறவைக்கு நம்மைப் போல் உதரவிதானம் இல்லை. மார்புக்கூடு விரிந்து சுருங்குவதாலேயே அது மூச்சு விடுகிறது. பரிவினால் இறுகப் பிடித்துக்கொண்டால் மூச்சடைத்துப்போகும். நீரை வாய் திறந்து ஊற்றுதலும் தவறு. அது மூச்சுக்குழலில் புகும். அலகின் ஓரத்தில் துளித்துளியாக நனைத்தல் வேண்டும். உடன்குடியில் கருப்பட்டி இல்லாத வீடு ஏது? அதனைக் கரைத்த நீரின் சில துளிகளே அச்சேவலுக்கு முதல் உணவாயின.

கொதித்தாறிய நீரில் சிறிது உப்பிட்டுப் புண்ணைக் கழுவித் தொங்கிய சிறகை உடலோடு சேர்த்து மெல்லிய துணியால் கட்டினோம். விலங்கின் பல் பதிந்த புண் வெளியே சிறிதாகவும் உள்ளே பெரிதாகவும் இருக்கும். மஞ்சளையும் வேப்பிலையையும் மட்டுமே நம்பியிராமல் மறுநாட் காலையிலேயே கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டு செல்லுதல் வேண்டும்.

அஹிம்சை அணுவிரதத்துக்கு ஐந்து அதிசாரங்கள் உண்டென நாம் அறிவோம். உயிர்களைக் கட்டுதல், அடித்தல், உறுப்பறுத்தல், மிகுபாரம் ஏற்றுதல், உணவும் நீரும் மறுத்தல் என்பன அவை. 'அவ்வாறாயின் சிறகைக் கட்டியது குற்றமன்றோ?' என்று ஒரு சிறுவன் கேட்டான். சினத்தாலும் பேராசையாலும் கட்டுதலே குற்றம். ஆற்றுவதற்கென்றே கட்டி, ஆறியவுடன் அவிழ்ப்பது குற்றமாகாது. எனினும் அவன் வினா வீண் போகவில்லை. கட்டை நாள்தோறும் தளர்த்திப் பார்க்கும் கடமையை அவனே ஏற்றுக்கொண்டான்.

ஐயம் ஒன்று: கீரியின் இரையைப் பறிக்கலாமா?

இவ்வையம் சிறியதன்று. 1760ஆம் ஆண்டில் இராஜஸ்தானத்தில் சுவேதாம்பரத் தேராபந்தத்தை நிறுவிய ஆசார்ய பிக்ஷு இதனை மிகக் கூர்மையாக எழுப்பியவர். வலிமையால் ஓர் உயிரிடமிருந்து மற்றோர் உயிரைப் பறித்தல் உலகியல் கருணையேயன்றி ஆன்மிக அறமாகாது; கொல்வோனின் உள்ளம் மாறுவதே அறம் என்பது அவர் கொள்கை. இக்கொள்கையை ஏற்காத ஜைனப் பிரிவினர் பலர். ஆயினும், கருணை என்னும் பெயரால் நாம் மற்றோர் உயிர்மீது பகை கொள்கிறோமா என்று நம்மை நாமே வினவிக்கொள்ள அது உதவுகிறது.

நம் திகம்பர மரபில் இதற்கு விடை தேடுவோர் உமாஸ்வாமி அருளிய தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயத்தை நோக்குதல் தகும். நான்கு பாவனைகளை ஆசார்யர் அங்கே வகுத்துள்ளார். எல்லா உயிர்களிடத்தும் மைத்ரி. குணத்தில் உயர்ந்தோரிடத்துப் பிரமோதம். துன்புறும் உயிர்களிடத்துக் காருண்யம். திருத்த இயலாதவரிடத்து மாத்யஸ்தம். இந்நான்கையும் ஒருசேர நோக்குங்கால் நம் ஐயம் தெளிகிறது. துன்புறும் சேவலுக்கு உரியது காருண்யம். அறம் உரைத்தால் கேட்கும் ஆற்றல் இல்லாத கீரிக்கு உரியது மாத்யஸ்தம். அஃதாவது, வெறுப்பும் விருப்பும் இன்றி நடுநிற்றல். சேவலைக் காப்பதற்குக் கீரியை வெறுத்தல் தேவையில்லை. கீரியை வெறுக்காமைக்குச் சேவலைக் கைவிடுதலும் தேவையில்லை.

அவ்வாறாயின் இரையிழந்த கீரிக்கு ஈடாக ஏதேனும் ஊன் இடவேண்டுமோ? பருந்துக்கு அஞ்சிய புறாவின்பொருட்டுத் தன் தசையை அரிந்தளித்த சோழன் கதையைச் சிலப்பதிகாரத்தால் தமிழுலகம் அறியும். சாந்திநாத தீர்த்தங்கரர் முற்பிறப்பில் மேகரதனாக இருந்தபோது இதனையொத்த நிகழ்ச்சி ஒன்று நம் புராணங்களிலும் வருகிறது. குணபத்திர ஆசார்யரின் உத்தரபுராணத்தில் மேகரதன் தன் தசையை அளிக்கவில்லை. ஊன் தானப்பொருள் ஆகாது என்பதையே விளக்குகிறான். காத்தலும் கடன், ஊனிடாமையும் கடன்.

இக்கொள்கை இன்றும் நடைமுறையில் இருப்பதைத் தில்லி சாந்தினி சௌக்கில் காணலாம். செங்கோட்டைக்கு எதிரே உள்ள திகம்பர ஜைன லால் மந்திரத்தை ஒட்டிப் பறவைகளுக்கான தர்ம மருத்துவமனை இயங்குகிறது. 1929இல் தொடங்கப்பெற்ற இப்பணி, 1957இல் கோயில் வளாகத்துக் கட்டடத்துக்கு வந்தது. புறா, கிளி முதலியன உள்ளே தங்க வைக்கப்படுகின்றன. ஊனுண்ணும் பருந்தினத்தைப் புறக்கணிப்பதில்லை. ஆனால் உள்ளே தங்க வைக்காமல் வெளிநோயாளியாகப் புண்ணாற்றி அனுப்பிவிடுகின்றனர். பருந்தின் புண்ணுக்கும் மருந்துண்டு. பருந்துக்கு ஊனிடுதல் மட்டும் இல்லை. மாத்யஸ்தம் என்பது இரக்கமின்மை அன்று என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டுமோ?

ஐயம் இரண்டு: கீரியைக் கொன்றால் பல கோழிகள் பிழைக்குமே?

பொறி வைக்கலாம் என்றார் ஒருவர். ஒன்றைக் கொன்று பலவற்றைக் காப்பது அறிவுடைமை போலத் தோன்றும். ஆனால், கொடிய உயிர் ஒன்றைக் கொல்வதால் பல உயிர்கள் காக்கப்படும் என்று எண்ணியும் கொல்லலாகாது என அமிருதசந்திர ஆசார்யர் தம் புருஷார்த்த சித்தியுபாயத்தில் இவ்வாதத்தை எடுத்து மறுத்துள்ளார். இவ்வாதத்துக்கு எல்லை இல்லை என்பதை நாமும் எண்ணிப் பார்க்கலாம். கோழிக்காகக் கீரியைக் கொன்றால், கறையானுக்காகக் கோழியைக் கொல்ல வேண்டும். முடிவில் எல்லா உயிர்க்கும் பெரும்பகையான மனிதனிடம் வந்தன்றோ அக்கணக்கு நிற்கும்? 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் கீரியைக் காக்கிறது. ஓவியத் தூரிகைக்கு அதன் மயிரை வேண்டிக் கீரிகளைக் கொன்று குவித்தவர் மனிதரே.

யசோதர காவியம் இவ்விடத்தில் நம் நெஞ்சைத் தொடுகிறது. யசோதரனும் அவன் தாய் சந்திரமதியும் முதலில் மயிலாகவும் நாயாகவும் பிறக்கின்றனர். அந்நாயே அம்மயிலைக் கொல்கிறது. பற்றியது தாய், பற்றப்பட்டது மகன். கீரியையும் சேவலையும் காணும்போது இதனை நினைந்தால், ஒன்றைப் பகையென்றும் மற்றொன்றை உறவென்றும் பிரிக்கும் எண்ணம் தானே அடங்கும்.

ஹிம்சைக்கு வேர் பிரமாதம், அஃதாவது விழிப்பின்மை, என்பது நம் ஆகமக் கொள்கை. கீரிக்குப் பசி உண்டு, பிரமாதம் நம்முடையது. கீரி பகலில் வேட்டையாடும். மரநாய் இரவில் வரும். கோழிக்கூட்டைச் சுற்றிய புதரை அகற்றுதலும், பொழுது சாயுமுன் கூட்டை அடைத்தலும், தோண்டிப் புகாதபடி அடியில் கல் பதித்தலும், குஞ்சுகள் ஒதுங்க நிழற்கூரை அமைத்தலும் கோழிக்கும் கீரிக்கும் ஒருங்கே செய்யும் நன்மையாகும். புண்ணுக்கு இடும் மருந்தைவிடக் கூட்டுக்கு இடும் தாழ் உயர்ந்த அஹிம்சை.

ஐயம் மூன்று: வலி தாளாத உயிரை முடித்துவிடலாமா?

முதல் இரண்டு நாள் அச்சேவல் தலை தூக்கவில்லை. "கழுத்தைத் திருகிவிட்டால் அதற்கும் நிம்மதி" என்று கூறியவர் கொடியவர் அல்லர். அதன் துயரைக் காணப் பொறாதவரே. இன்று உலகெங்கும் மருத்துவர் பலர் இதனைக் கருணையென்றே கருதுகின்றனர். அமிருதசந்திர ஆசார்யர் இவ்வாதத்தையும் விட்டுவைக்கவில்லை. துன்புறும் உயிர் கொல்லப்பட்டால் விரைவில் துன்பம் நீங்கும் என்று எண்ணியும் கொல்லலாகாது என்கிறார். வினைப்பயன் உடலோடு முடிவதில்லை என்பது நம் நற்காட்சி. மேலும், அத்தருணத்தில் நாம் முடிக்க விரும்புவது அதன் துன்பத்தையா, அதனைக் காணும் நம் துன்பத்தையா என்பதையும் ஆராய்தல் வேண்டும். சல்லேகனை நம் மரபில் உண்டே எனலாம். அது ஒருவர் தம் அறிவோடு தமக்கே ஏற்பது, பிறர்மீது சுமத்துவதன்று.

ஆயின், வலியைத் தணிக்காமல் பார்த்துக்கொண்டிருத்தலும் அறமன்று. மருத்துவர் தரும் வலி நீக்கும் மருந்து, நிழல், நீர், அமைதி ஆகிய யாவும் நம் கடன். பிழைக்காது என்று தெரிந்தால்? சீவக சிந்தாமணியில், அடியுண்டு இறக்கும் நாயின் செவியில் சீவகன் பஞ்ச நமஸ்காரத்தை ஓதுகிறான். அந்நாயின் உடலை அவனால் காக்க இயலவில்லை. ஆனால் அச்சமின்றி இறக்கத் துணைநின்றான். அது சுதஞ்சணன் என்னும் தேவனாயிற்று. காக்க இயன்றால் காத்தல், இயலாதபோது உடனிருத்தல். மூன்றாவது வழி ஒன்று சிராவகர்க்கு இல்லை.

ஐயம் நான்கு: புண்ணில் புழுவும், கோழிக்குக் கறையானும்

கோடையில் புண்ணை ஈ மொய்த்தால் ஓரிரு நாளிலேயே புழு வைக்கும். புழுவைக் கொன்றால் அதுவும் ஹிம்சை. கொல்லாவிட்டால் கோழி மாளும். இங்கும் முன்விழிப்பே முதல் அறம். நாள்தோறும் புண்ணைத் தூய்மை செய்து, பெட்டிக்கு மெல்லிய வலைத்துணி போர்த்தினால் புழு பிறக்கவே இடமிராது. பிறந்துவிட்டால், இல்லறத்தார் முற்றும் தவிர்க்க இயலாத ஆரம்ப ஹிம்சை என்று உணர்ந்து, மருத்துவர் சொற்படி கவனத்தோடு அகற்றுதலே ஆகும். அதனைப் புண்ணியமென்று மெச்சிக்கொள்ளல் ஆகாது. நம் விரதம் முழுமையாக விலக்கச் சொல்வது சங்கல்ப ஹிம்சையை, அஃதாவது கொல்லும் எண்ணத்தோடே செய்யும் கொலையை.

கோழிக்குக் கறையான் பிடித்து இடுதல் கிராமத்து வழக்கம். தொல்காப்பிய மரபியல் கறையானையும் எறும்பையும் மூவறிவுயிர் என வகுக்கிறது; நம் ஆகமமும் மூன்று பொறியுடையனவாகவே அவற்றைக் கொள்கிறது. ஐம்பொறி உயிரைக் காக்க மூவறிவுயிரை நாமே கொணர்ந்து பலியிடுதல் தகாது. கம்பும் நொய்யும் சோளமும் கீரையும் இட்டோம். நலம் பெற்றபின் அச்சேவல் தானே மண்ணைக் கிளறிப் புழுவைத் தின்றதே எனின், அது அதன் இயல்பு. கீரிக்குச் சொன்ன மாத்யஸ்தமே சேவலுக்கும் பொருந்தும். நேற்று இரையாக இருந்தது இன்று பற்றுகிறது. உலகில் முழுதும் குற்றமற்ற இரையும் இல்லை, முழுதும் குற்றமுடைய வேட்டுயிரும் இல்லை.

ஐயம் ஐந்து: ஆறிய சேவல் யாருடையது?

எல்லாவற்றினும் கடினமானது இதுவே. மூன்று வாரத்தில் சேவல் எழுந்து நடந்தது, கொடையும் நெருங்கியது. தில்லி மருத்துவமனையில் நலம் பெற்ற பறவையை உடையவரிடம் திருப்பித் தருவதில்லை, பறக்க விட்டுவிடுகின்றனர். பனங்காட்டில் விட்டால் நம் சேவலோ மீண்டும் கீரிக்கே இரையாகும்.

'இறந்துவிட்டது என்று சொல்லிவிடலாம்' என்றார் ஒருவர். உயிருக்கு இடர் விளைக்கும் மெய்யையும் பேசலாகாது என்பது சிராவகர் ஒழுக்கம்தான். ஆயினும், நம்மை நம்பி ஒப்படைத்தவரிடம் பொய் சொல்லிப் பொருளை மறைத்தல் கள்ளாமைக்கும் வாய்மைக்கும் ஒருங்கே இழுக்கு. 'விலை கொடுத்து வாங்கிவிடலாம்' என்றார் மற்றொருவர். ஜீவதயை என்று பலரும் செய்வது இதுவே. ஆனால் அந்தப் பணத்தால் மற்றொரு சேவல் வாங்கப்பட்டால், நாம் காத்தது எதனை? ஒன்றின் உயிரை மற்றொன்றின் உயிரால் வாங்கியவர் ஆவோம். 'மாவினால் ஒரு கோழி செய்து கொடுக்கச் சொல்லலாமே' என்று கேட்டது இளம் உள்ளம். மாக்கோழியை வெட்டியதன் பயனாகவே யசோதரனும் அவன் தாயும் பிறவிதோறும் விலங்காகிப் பறவையாகி உழன்று, இறுதியில் சேவலும் பெட்டையுமாகப் பிறந்தனர் என்பதை அப்பொழுது எடுத்துரைத்தோம். வெட்டுண்டது மாவே ஆயினும் வெட்டியது கொல்லும் எண்ணம். அப்பிறவியில் முனிவரின் அறவுரை கேட்டு மகிழ்ந்து கூவிய அவ்விரண்டும் அரசனின் அம்புக்கு இரையாகி, அபயருசியும் அபயமதியுமாகப் பிறந்தன என்று காவியம் தொடர்கிறது.

சட்டத்தின் துணையை நாடலாமோ? தமிழ்நாட்டில் விலங்குகளையும் பறவைகளையும் பலியிடுதலைத் தடுக்கும் சட்டம் 1950இலேயே இயற்றப்பட்டது. 2003இல் அரசு அதனைக் கண்டிப்பாக நடைமுறைப்படுத்த முற்பட்டது. எதிர்ப்பு வலுக்கவே 2004இல் அச்சட்டமே நீக்கப்பட்டது. உள்ளம் மாறாமல் கை மட்டும் தடுக்கப்பட்டால் அத்தடை நில்லாது. ஆசார்ய பிக்ஷுவின் கூற்றில் உள்ள உண்மை இங்கே புலனாகிறது.

எஞ்சியது மைத்ரி ஒன்றே. தொடக்கம் முதலே அவ்வம்மையாரை அச்சேவலிடமிருந்து நாம் விலக்கவில்லை. நாள்தோறும் அவரே வந்து கருப்பட்டி நீர் நனைத்தார். அவரே கட்டை அவிழ்த்தார். அவருடைய தெய்வத்தை நாம் பழிக்கவில்லை. நம் நெறியையும் மறைக்கவில்லை. கொடைக்கு நான்கு நாள் முன்பு அவர், "டீச்சரம்மா, இதை அறுக்க எனக்குக் கை வராது. மாடனுக்குப் பொங்கல் வச்சுக் கும்பிட்டுக்கிடுதேன்" என்றார். அடுத்த ஆண்டுக் கொடைக்கு அவர் வீட்டில் வேறொரு சேவல் வளர்ந்தது. நாம் அறிந்தது அவ்வளவே.

ஒன்று காத்ததனால் ஆவதென்ன?

உலகில் ஆண்டுதோறும் உணவுக்காகக் கொல்லப்படும் கோழிகள் 7,000 கோடிக்கும் மேற்பட்டவை. அப்பெருங்கணக்கில் ஒரு சேவல் எம்மாத்திரம் என்று இளைஞர் வினவலாம். அஹிம்சை தொகையால் அளக்கப்படுவதன்று. அவ்வாறு அளப்பின், பலவற்றுக்காக ஒன்றைக் கொல்லலாம் என்னும் வாதத்துக்கே திரும்பிச் செல்வோம். ஒரு சேவலைப் பேணிய மூன்று வாரத்தில் நம் இல்லத்துச் சிறுவன் கட்டுதலுக்கும் கட்டிவைத்தலுக்கும் உள்ள வேறுபாட்டை உணர்ந்தான். அண்டை வீட்டுக்காரியின் கை ஓராண்டு அரிவாளை எடுக்கவில்லை. கீரியை நாம் வெறுக்கவில்லை. காத்தவருக்குக் கிடைப்பது இதுவே. இதற்குமேல் ஒரு பயனை வேண்டுதல் கருணையை வாணிகமாக்கிவிடும்.

இதே தூத்துக்குடி மாவட்டத்தில் கழுகுமலை உள்ளது. பெயரோ ஊனுண்ணும் பறவையினுடையது. பாறையிலோ பார்சுவநாதரும் பாகுபலியும் அம்பிகையும் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக அமைதியோடு விளங்குகின்றனர். அங்குள்ள கல்வெட்டுகள் அறம் கற்பித்த குரத்தியர் என்னும் பெண் ஆசிரியரையும் குறிக்கின்றன. அவர்கள் அறம் உரைத்த நாளிலும் அம்மலையின் கீழ்க் கோழிகள் மேய்ந்திருக்கும், கீரிகள் திரிந்திருக்கும். கீரிக்கு எவரும் விரதம் கொடுக்கவில்லை. விரதம் ஏற்றது மனிதப் பிறவி ஒன்றே. ஆதலின் அண்டை வீட்டில் கோழி வளர்ப்போர் இருப்பின், பொழுது சாயுமுன் கூட்டை அடைத்தார்களா என்று அன்போடு கேட்போம். அடிபட்ட உயிர் வாயிலுக்கு வருமானால் முதலில் நீர் நனைப்போம். ஆராய்ச்சியைப் பிறகு செய்வோம்.